‘இவன்தான் என்று நினைக்கிறேன்’: ரொனால்ட் காட்டன் வழக்கில் ஒரு சாட்சியின் உறுதி உருவான விதம்

தடயவியல் உளவியல் படிக்க வருகிறவர்களில் பலர் கொலைகாரனின் மனதைப் படிக்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு வருகிறார்கள். அவர்கள் முதலில் படிக்க வேண்டிய வழக்குகளில் ஒன்று இது. குற்றவாளியின் மனம் இந்த வழக்கில் ஒரு பொருட்டே இல்லை. பாதிக்கப்பட்ட பெண்ணின் நினைவும், அந்த நினைவைக் காவல் துறையும் நீதிமன்றமும் கையாண்ட விதமும்தான் இங்கே ஆய்வுக்குரியவை. அந்தப் பெண் ஒரு சொல் கூடப் பொய் சொல்லவில்லை. ஆனாலும் குற்றமற்ற ஒருவர் பத்தரை ஆண்டு சிறையில் இருந்தார்.

நடந்தது

1984 ஜூலை மாத இறுதி. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பர்லிங்டன் என்ற ஊர். அதிகாலை மூன்று மணி அளவில் ஒருவன் 22 வயதுக் கல்லூரி மாணவி ஒருவரின் வீட்டுக்குள் புகுந்து, கழுத்தில் கத்தியை வைத்து வன்புணர்ந்தான். மாணவி நிதானம் இழக்கவில்லை. உயிர் பிழைத்தால் இவனை அடையாளம் காட்டியே தீர வேண்டும் என்று, ஜன்னலிலிருந்தும் வானொலிப் பெட்டியின் விளக்கிலிருந்தும் கிடைத்த சிறு வெளிச்சத்தில் அவன் முகத்தை உற்று உற்றுப் பார்த்தார். தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லிச் சமையலறைப் பக்கம் போய், அங்கிருந்து தப்பி ஓடினார். அதே இரவில் அதே ஊரில் இன்னொரு பெண்ணும் அதே விதமாகத் தாக்கப்பட்டார்.

காவல் நிலையத்தில் கண், மூக்கு, உதடு என்று தனித்தனி அச்சுகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்து ஒரு முகப்படம் தயாரானது. அது செய்தித்தாளில் வந்தது. கடல் உணவகம் ஒன்றில் வேலை பார்த்த ரொனால்ட் காட்டன் இந்தப் படம் போல இருக்கிறார் என்று துப்பு வந்தது. 22 வயதான காட்டன் மீது ஏற்கெனவே வழக்குகள் இருந்தன. தன்னைத் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் அவராகவே காவல் நிலையத்துக்கு வந்தார். சம்பவ இரவில் எங்கே இருந்தாய் என்று கேட்டபோது, முந்தைய வார இறுதியில் நடந்ததை இந்த வார இறுதி என்று நினைத்துச் சொல்லிவிட்டார். பிறகு வீட்டார் சரியான விவரத்தைச் சொன்னார்கள். அதற்குள் அவர் முதலில் சொன்னது பொய் என்று ஏட்டில் ஏறிவிட்டது.

இந்த இடத்தைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரே வழக்கில் இரண்டு பேரின் நினைவு பிசகியிருக்கிறது. சாட்சியின் நினைவு ஒளிப்படம் போல மதிக்கப்பட்டது. சந்தேக நபரின் நினைவு பிசகியதோ குற்ற உணர்வுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

ஆறு படங்களும் ஏழு ஆட்களும்

மாணவியின் முன்னால் ஆறு புகைப்படங்களை ஒரே நேரத்தில் வைத்தார்கள். அதில் ஒன்று காட்டனுடையது. வைத்தவர் வழக்கை விசாரித்துக்கொண்டிருந்த அதிகாரி. எந்தப் படம் சந்தேக நபருடையது என்பது அவருக்குத் தெரியும். மாணவி நாலைந்து நிமிடம் பார்த்தார். பிறகு ஒரு படத்தை எடுத்து, “இவன்தான் என்று நினைக்கிறேன்” என்றார். நினைக்கிறீர்களா என்று அதிகாரி திருப்பிக் கேட்டார். இவன்தான் என்றார் மாணவி. உறுதியாகவா என்றார் அதிகாரி. உறுதியாக என்றார் மாணவி. நாங்களும் இவனாகத்தான் இருக்கும் என்று நினைத்தோம் என்ற பதில் அவருக்குக் கிடைத்தது.

அந்த நாலைந்து நிமிடத்தில் ஒரு சாட்சி என்ன செய்துகொண்டிருப்பார்? பழகிய முகம் என்றால் நினைவு சட்டென்று பற்றிக்கொள்ளும். சில வினாடி போதும். நேரம் நீள நீள, சாட்சி படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இருப்பதில் யார் நெருக்கம் என்று தேடுகிறார் என்றே பெரும்பாலும் பொருள். இதை ஒப்பீட்டுத் தீர்ப்பு என்பார்கள். நினைவை மட்டும் கேட்டுச் செய்யும் அறிதலிலிருந்து இது வேறுபட்டது.

இதன் ஆபத்தை கேரி வெல்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1993-இல் வெளியிட்ட சோதனை தெளிவாகக் காட்டியது. 200 பேர் முன்னிலையில் ஒரு நாடகக் குற்றம் நடத்தப்பட்டது. பாதிப் பேருக்குக் காட்டிய ஆறு படங்களில் குற்றவாளி இருந்தார். 54 சதவீதம் பேர் அவரைச் சரியாகக் காட்டினார்கள், 21 சதவீதம் பேர் யாரையும் காட்டவில்லை. மீதிப் பேருக்குக் காட்டிய வரிசையில் குற்றவாளியின் படத்தை எடுத்துவிட்டு ஐந்தை மட்டும் வைத்தார்கள். குற்றவாளியைக் காட்டியிருக்கக்கூடிய அந்த 54 சதவீதமும் ‘யாரும் இல்லை’ என்ற பக்கம் போயிருந்தால் மொத்தம் 75 சதவீதம் வர வேண்டும். வந்தது 32 மட்டுமே. குற்றவாளிக்கு அடுத்தபடி சாயல் இருந்த ஒருவரைக் காட்டியவர்கள் 13-இலிருந்து 38 சதவீதமாக ஏறினார்கள். உண்மையான குற்றவாளி வரிசையில் இல்லாதபோது, பழி அவன் சாயலுள்ளவன் மேல் விழுகிறது. பர்லிங்டனில் வைத்த ஆறு படங்களில் உண்மையான குற்றவாளி, பின்னாளில் டிஎன்ஏ சோதனையில் தெரியவந்த பாபி பூல் என்பவன், இல்லை. சாயலுள்ளவர் காட்டன் இருந்தார்.

சில நாள் கழித்து நேரடி அடையாள அணிவகுப்பு. ஏழு பேர் நின்றார்கள். காட்டன் ஐந்தாவது ஆள். மாணவி நாலாவது ஆளுக்கும் ஐந்தாவது ஆளுக்கும் நடுவே தடுமாறினார். அடி எடுத்து வைக்கச் சொல்லியும் பேசச் சொல்லியும் பார்த்த பிறகு ஐந்தைச் சொன்னார். படங்களிலும் அணிவகுப்பிலும் இருந்த ஒரே ஆள் காட்டன்தான். ஆகவே அந்த ஐந்தாவது முகம் பழக்கமாகத் தோன்றியதற்கு இரவில் பார்த்தது காரணமா, சில நாள் முன்பு படத்தில் பார்த்தது காரணமா என்று பிரித்தறிய யாராலும் முடியாது, சாட்சியாலும் முடியாது. முகம் மனதில் தங்கும். அதை எங்கே பார்த்தோம் என்பதுதான் முதலில் கரையும். ஒரு சந்தேக நபரை ஒரு சாட்சிக்கு ஒரு முறைதான் காட்ட வேண்டும் என்று இன்று வற்புறுத்துவது இதனால்தான்.

அணிவகுப்பு முடிந்ததும், படத்தில் நீங்கள் எடுத்ததும் இதே ஆள்தான் என்று அவரிடம் சொன்னார்கள். தடுமாற்றம் அத்தோடு தீர்ந்தது.

பாராட்டு செய்த வேலை

‘நல்லது, சரியான ஆளைக் காட்டினீர்கள்’ என்ற வாக்கியத்தின் விளைவை வெல்ஸும் ஏமி பிராட்ஃபீல்டும் 1998-இல் ஆராய்ந்தார்கள். தெளிவில்லாத கண்காணிப்புக் காட்சி ஒன்றைப் பார்த்தவர்களுக்கு, குற்றவாளி இல்லாத படவரிசை காட்டப்பட்டது. தேர்ந்தெடுத்தவர்கள் அத்தனை பேரும் தவறாகவே தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் சரியாகச் சொன்னீர்கள் என்றார்கள். பிறகு எல்லோரிடமும் ஒரே கேள்விகள்: தேர்ந்தெடுத்தபோது எவ்வளவு உறுதியாக இருந்தீர்கள், முகம் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது, எவ்வளவு கவனித்தீர்கள்? பாராட்டுக் கேட்டவர்கள் மூன்றுக்கும் கூட்டிச் சொன்னார்கள். அவர்கள் பார்த்த காட்சி மாறவில்லை. அதைப் பற்றிய அவர்கள் நினைவு மாறிவிட்டது.

இதைச் சட்டத்தோடு பொருத்திப் பார்க்கும்போதுதான் தலை சுற்றுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972-இல் நீல் எதிர் பிக்கர்ஸ் வழக்கில், அடையாளம் காட்டியது நம்பத்தக்கதா என்று அளக்க ஐந்து அளவுகோல்களைச் சொன்னது. பார்க்கக் கிடைத்த வாய்ப்பு, கவனத்தின் அளவு, முன்பு சொன்ன அங்க அடையாளம் பொருந்துகிறதா என்பது, காட்டும்போது இருந்த உறுதி, இடையில் கடந்த காலம். முதலாவதும் இரண்டாவதும் நாலாவதும் பெரும்பாலும் சாட்சியே வாயால் சொல்லித் தெரிவது. காவல் நிலையத்தில் கிடைத்த ஒரு பாராட்டு உயர்த்திவிடுவதும் இதே மூன்றைத்தான். நடைமுறை எவ்வளவு கெட்டதோ, அளவுகோலில் சாட்சி அவ்வளவு நல்ல மதிப்பெண் வாங்குகிறார். நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 2011-இல் ஹென்டர்சன் வழக்கில் இந்தப் பழைய அளவுகோல் முறையைத் தன் மாநிலத்துக்கு மாற்றி எழுதியது. உளவியல் ஆய்வு சட்டத்தை நேரடியாகத் திருத்திய இடம் என்று துணிந்து சொல்லலாம்.

சம்பவ இரவின் நிலைமைகளும் சாட்சிக்குப் பாதகமாகவே இருந்தன. கண்ணெதிரே கத்தி இருந்தால் கவனத்தின் ஒரு பங்கு கத்திக்குப் போகும். சாட்சி வெள்ளை இனத்தவர், தாக்கியவன் கறுப்பினத்தவன். 39 ஆய்வுகளைத் தொகுத்து மெய்ஸ்னரும் பிரிகமும் 2001-இல் வெளியிட்ட கட்டுரை, வேற்று இன முகங்களில் தவறாக ‘பார்த்த முகம்’ என்று சொல்வது கூடுகிறது என்பதை நிறுவியது. அச்சம் நினைவைக் கூர்மையாக்கும் என்பது பரவலான நம்பிக்கை. சார்லஸ் மார்கனும் குழுவினரும் அமெரிக்க ராணுவத்தின் உயிர்பிழைப்புப் பயிற்சி முகாமில், 500-க்கும் மேற்பட்ட வீரர்களிடம் இதைச் சோதித்து 2004-இல் வெளியிட்டார்கள். கடுமையான மிரட்டலோடு தன்னை விசாரித்தவரை மறுநாள் நேரடி அணிவகுப்பில் சரியாகக் காட்டியவர்கள் 30 சதவீதம். மிரட்டல் இல்லாத விசாரணையில் அது 62. இவர்கள் பயிற்சி பெற்ற வீரர்கள், எதிரே இருந்தவரை அரை மணி நேரத்துக்கு மேல் பார்த்தவர்கள். ‘அந்த முகத்தை எப்படி அம்மா மறக்க முடியும்?’ என்று நீதிமன்றத்தில் கேட்கும்போது இந்த இரண்டு எண்களும் எல்லோர் மனதிலும் இருக்க வேண்டும்.

ஆனால் வெளிச்சம், கத்தி, இனம், அச்சம் ஆகியவை காவல் துறையின் கையில் இல்லை. வெல்ஸ் 1978-லேயே இந்தப் பிரிவினையைச் செய்தார்: பின்னால் மதிப்பிட மட்டுமே முடிகிற காரணிகள் ஒரு பக்கம், அமைப்பு கட்டுப்படுத்தக்கூடிய காரணிகள் மறுபக்கம். உளவியலாளரின் உழைப்பு இரண்டாவதற்குப் போனால்தான் அடுத்த காட்டனைக் காப்பாற்ற முடியும்.

இரண்டு விசாரணைகள்

1985 ஜனவரியில் ஜூரி காட்டனைக் குற்றவாளி என்றது. வீட்டில் கிடைத்த ஒரு டார்ச் லைட், சம்பவ இடத்தில் கிடைத்த ரப்பர் துணுக்கோடு ஒத்திருந்த காலணி ஆகியவை துணைச் சான்றுகள். வழக்கின் முதுகெலும்பு மாணவியின் சாட்சியம். ஆயுள் தண்டனையும் கூடுதலாக 50 ஆண்டும் விதிக்கப்பட்டது. இரண்டாவது பெண் அணிவகுப்பில் வேறொருவரைக் காட்டியிருந்தார். அதை ஜூரியிடம் சொல்லவே அனுமதி கிடைக்கவில்லை. மாநில உச்ச நீதிமன்றம் அந்தக் காரணத்துக்காகத் தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது.

இதற்கிடையே பாபி பூல் வேறு குற்றங்களுக்காகத் தண்டனை பெற்று அதே சிறைக்கு வந்து சேர்ந்தான். இருவரையும் சிறை ஊழியர்களே மாற்றி அழைக்கும் அளவுக்குச் சாயல். அந்தக் குற்றங்களைச் செய்தது தானே என்று பூல் இன்னொரு கைதியிடம் சொல்லியிருந்தான். 1987 மறுவிசாரணையில், ஜூரி இல்லாத நேரத்தில், பூல் நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தப்பட்டான். இவனைப் பார்த்ததே இல்லை என்றார் மாணவி. பூல் பற்றிய சான்று ஜூரியின் காதுக்குப் போகவில்லை. இரண்டாவது பெண்ணும் இந்த முறை காட்டனையே காட்டினார். இரண்டு குற்றங்களுக்கும் சேர்த்து ஆயுளும் 54 ஆண்டும்.

தன்னைத் தாக்கியவனையே நேரில் பார்த்து ‘இவன் இல்லை’ என்று சொன்னது எப்படி? பூலின் முகத்தை அவர் பார்த்தது மூன்று ஆண்டு முன்பு, ஒரு இரவில், மங்கல் வெளிச்சத்தில். காட்டனின் முகத்தை அதன் பிறகு படத்தில், அணிவகுப்பில், நீதிமன்றத்தில் நாள்கணக்கில் பார்த்திருக்கிறார். அந்த இரவை நினைக்கும்போதெல்லாம் காட்டனின் முகம்தான் வந்தது. டிஎன்ஏ முடிவு வந்த பிறகும் வெகுகாலம் அப்படியே வந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1995-இல் புதிய வழக்கறிஞர்கள் கேட்டு வாங்கிய பழைய மாதிரிகளில் ஒரு பெண்ணுடையது சிதைந்துபோயிருந்தது. இன்னொன்றில் கிடைத்த டிஎன்ஏ காட்டனுடையது அல்ல. மாநிலத்தின் கைதிகள் தரவுத்தளத்தில் அது பூலோடு பொருந்தியது. 1995 ஜூன் 30 அன்று காட்டன் வெளியே வந்தார். அந்தப் பெண்ணும் காட்டனும் பின்னர் சந்தித்து, நண்பர்களாகி, சட்டத்தை மாற்றச் சேர்ந்தே உழைத்தார்கள்.

என்ன மாற்ற வேண்டும்

வட கரோலினா 2007-இல் தனிச் சட்டமே இயற்றியது. நடத்துபவருக்குச் சந்தேக நபர் யாரென்று தெரியக் கூடாது. சந்தேக நபரோடு வரிசையில் சேர்க்கப்படும் மற்றவர்கள், அதாவது உடன் நிற்போர், குறைந்தது ஐந்து பேர். குற்றவாளி இதில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று முன்கூட்டியே சாட்சியிடம் சொல்ல வேண்டும். யாரையும் காட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, காட்டாவிட்டாலும் விசாரணை தொடரும் என்றும் சொல்ல வேண்டும். காட்டியவுடன் எவ்வளவு உறுதி என்பதைச் சாட்சியின் சொந்தச் சொற்களிலேயே பதிய வேண்டும். படங்களை ஒவ்வொன்றாகக் காட்டவும் அந்தச் சட்டம் சொல்கிறது. இந்த ஒன்றில் மட்டும் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் 2014 அறிக்கையும் ஒரே நேரத்தில் காட்டுவதா, ஒவ்வொன்றாகவா என்பதில் பக்கம் சாயவில்லை.

சிறிய காவல் நிலையத்தில், வழக்கு தெரியாத அதிகாரி எங்கே கிடைப்பார் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு உறை முறை இருக்கிறது. பத்துக் காகித உறைகள் எடுத்து, முதல் உறையில் உடன் வைக்கும் படம் ஒன்றைப் போட வேண்டும். சந்தேக நபரின் படத்தையும் மீதி நான்கு படங்களையும் ஐந்து உறைகளில் போட்டு, சீட்டுக்கட்டுபோலக் குலுக்கி, 2 முதல் 6 வரை எண் இட வேண்டும். 7 முதல் 10 வரை வெறும் தாள். அதிகாரி உள்ளே இருப்பது தெரியாத கோணத்தில் உட்கார்ந்து உறைகளை ஒவ்வொன்றாகக் கொடுக்கிறார். வெற்று உறைகள் எதற்கு என்றால், இன்னும் எத்தனை படம் பாக்கி என்று சாட்சிக்குத் தெரிந்தால், இனி வாய்ப்பில்லை என்ற நெருக்கடியில் கடைசிப் படத்தைக் காட்டிவிடுவார்.

உடன் வைக்கும் படங்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் வேலை அதிகம், தவறும் அதிகம். சந்தேக நபரின் முகத்தைப் பார்த்து அவரைப் போன்றவர்களைத் தேடுவது வழக்கம். சாட்சி முதலில் சொன்ன அங்க அடையாளத்தை எடுத்துக்கொண்டு அதற்குப் பொருந்துகிறவர்களைத் தேட வேண்டும். மெல்லிய மீசை என்று சாட்சி சொல்லியிருந்தால் ஆறு பேருக்கும் மெல்லிய மீசை இருக்க வேண்டும். ஒருவருடைய படம் மட்டும் சிறை உடையில், அல்லது வேறு நிறப் பின்னணியில் இருந்தால் வரிசையே வீண்.

வரிசை நியாயமானதா என்று சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு, எதிர்தரப்பு வழக்கறிஞரும் செய்து பார்க்கலாம். குற்றத்தைப் பார்க்காத 30 பேரிடம் சாட்சி சொன்ன அங்க அடையாளத்தை மட்டும் படித்துக் காட்டி, ஆறு படங்களில் யார் என்று கேளுங்கள். வரிசை ஒழுங்காக இருந்தால் சந்தேக நபரை ஏறக்குறைய ஐந்து பேர் காட்ட வேண்டும். 15 பேர் காட்டினால், ஆறு படம் என்ற பெயரில் சாட்சி முன்னால் இருப்பது உண்மையில் இரண்டு படம்.

நம் ஊரில் அடையாள அணிவகுப்பு நீதித்துறை நடுவர் முன்னிலையில் நடக்கிறது. காவலர்கள் அங்கே இருக்கக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் இதற்கான இடம் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 7-ஆம் பிரிவும் (பழைய சட்டத்தில் 9), புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 54-ஆம் பிரிவும். இலங்கையிலும் நீதவான் முன்னிலையில்தான். புலனாய்வு அதிகாரியே படத்தை நீட்டிய பர்லிங்டன் நிலைமையை விட இது எவ்வளவோ மேல். ஆனாலும் நடுவருக்கு யார் சந்தேக நபர் என்று தெரியும். வழக்கில் அவருக்கு அக்கறை எதுவும் இல்லை என்பது உண்மை, ஆனால் முகபாவமும் பார்வை நிற்கும் இடமும் அக்கறையைப் பொறுத்தவை அல்ல, தெரிந்திருப்பதைப் பொறுத்தவை. சந்தேக நபர் வரிசையில் எங்கே நிற்கிறார் என்று தெரியாத ஒருவரைக் கொண்டு சாட்சியை அழைத்து வந்து காட்டச் செய்தால் இந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதைவிடப் பெரிய கேடு அணிவகுப்புக்கு முன்பே நடக்கிறது. கைது செய்தவரின் படம் செய்தியிலும் வாட்ஸ்அப்பிலும் போன பிறகு நடக்கும் அணிவகுப்பு, காட்டனின் படத்தைக் காட்டிய பிறகு நடந்த அந்த அணிவகுப்பைப் போன்றதுதான். முகத்தை மூடி அழைத்துச் செல்வது சடங்கல்ல, சான்றைப் பாதுகாக்கும் வேலை.

இங்கே அணிவகுப்பு துணைச் சான்று மட்டும்தான், நீதிமன்றத்தில் சாட்சி காட்டுவதே அடிப்படைச் சான்று. உளவியல் இந்த வரிசையைத் தலைகீழாகப் பார்க்கச் சொல்கிறது. பல மாதம் கழித்துக் கூண்டில் நிற்கிறவரைக் காட்டும்போது இருக்கும் உறுதிக்கு மதிப்புக் குறைவு. முதல் முறை, ஒழுங்கான நடைமுறையில், யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பு இருந்த உறுதிக்குத்தான் மதிப்பு அதிகம். நிபுணராக நீதிமன்றம் போகும் உளவியலாளர் சொல்ல வேண்டியதும் இவ்வளவே. இந்தச் சாட்சி தவறிவிட்டார் என்று சொல்ல அவருக்குத் தகுதி இல்லை. எந்தப் படியில் என்ன கலந்திருக்கலாம் என்று மட்டும் காட்டலாம்.

ஆகவே பதிவேட்டில் ‘சாட்சி 5-ஆம் எண்ணை அடையாளம் காட்டினார்’ என்று முடித்துவிடக் கூடாது. எத்தனை நிமிடம் எடுத்தார், யாருக்கும் யாருக்கும் நடுவே தயங்கினார், வாயிலிருந்து வந்த சொல் என்ன என்பதெல்லாம் அப்படியே ஏற வேண்டும், முடிந்தால் காணொளியாகவும். ‘என்று நினைக்கிறேன்’ என்று சொன்னால் அந்த இரண்டு சொல்லும் ஏற வேண்டும். எழுதி முடித்த பிறகு சாட்சி பெரும்பாலும் ஒன்றைக் கேட்பார்: “நான் சரியாச் சொன்னேனாங்க?” அதற்கான பதிலையும் முன்பே தயாராக வைத்திருக்க வேண்டும். “எனக்கே தெரியாதும்மா. நீங்க சொன்னதை எழுதிக்கிட்டேன். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க.”